காலியாக இருக்கும்போது போதுமான இடம்

உத்திரமேரூருக்கு மேற்கே, மணிக்கு ஒரு பஸ் வந்துபோகும் ஓர் ஊரில் அரசு மருத்துவமனை ஒன்று இருக்கிறது. பெயர் வேண்டாம். எழுதினால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அங்கே இயன்முறை சிகிச்சைப் பிரிவில் ஒன்பது வருஷமாக வேலை பார்ப்பவள் சுகிர்தா. பிரிவு என்றால் சுகிர்தாதான்; அவளுக்கு மேலேயும் யாரும் இல்லை, கீழேயும் யாரும் இல்லை. பலகையில் என்ன எழுதியிருந்தாலும் சுற்றுப்பட்டு ஜனங்கள் அதைக் 'கரண்டு வைக்கிற ரூமு' என்றுதான் சொல்வார்கள்.

அந்த ரூம் முன்னே போர்வையும் பாயும் போட்டுவைத்த கிடங்காக இருந்தது. பதினோரு அடிக்குப் பதினாலு அடி. அதிலும் உடைந்த கட்டில் இரண்டு, அவற்றை அப்புறப்படுத்த உத்தரவு வராததால், ஒன்பது வருஷமாகச் சுவரோரம் நின்றன. மீதி இடத்தில் ஒரு மெத்தைக் கட்டில், தசைக்குக் கரண்டு வைக்கும் பெட்டி, நோயாளி இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நடந்து பழகுவதற்கான இரும்புக் கம்பிகள். கம்பிகளை நேராகப் போட்டால் கதவு திறக்காது. அதனால் மூலைக்கு மூலை கோணலாகப் போட்டிருந்தாள். நாலாவது எட்டில் சுவர் வந்துவிடும், திரும்பியாக வேண்டும்.

ஆனி மாதத்தில் எல்லப்பன் வந்து சேர்ந்தார். ஐம்பத்தாறு வயது. பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெரிய விவசாயியின் மோட்டார் கொட்டாயைப் பார்த்துக்கொண்டு, வரப்பு வரப்பாக நடந்து மடை திருப்பிவிடும் வேலை. ஒருநாள் காலையில் மோட்டார் போட வலது கையைத் தூக்கப் பார்த்தார், கை வரவில்லை. கொஞ்ச நேரத்தில் காலும் வரவில்லை. பக்கவாதத்துக்குச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் படுத்து எழுந்து வந்தவரை அவர் மனைவி அம்முலு, இடுப்பில் துண்டைக் கட்டி அதைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி இங்கே கூட்டிவந்தாள்.

முதல் நாளே சுகிர்தா இருவரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டாள்.

"ஆறு மாசம்தாண்ணா முக்கியம். மூளை மறந்துபோனதை எல்லாம் இப்பதான் வேகமா திரும்பக் கத்துக்கும். அதுக்கப்புறம் கத்துக்காதுன்னு இல்ல. ரொம்ப மெதுவா போவும். நடுவுல தப்பா நடந்து பழகிட்டா அத மாத்துறது பெரும்பாடு."

எல்லப்பன் விரல் விட்டு எண்ணிக் கார்த்திகை என்றார். கார்த்திகைக்குள் வரப்பில் நடந்து காட்டினால் கொட்டாய் வேலை அவருக்கே என்று முதலாளியும் சொல்லியிருந்தாராம்.

வாரத்தில் மூன்று நாள் தவறாமல் வந்தார்கள். ஒரு மாதத்தில் எல்லப்பனுக்கு நடக்க வந்ததைவிடத் திரும்ப நன்றாக வந்தது.

இந்த நேரத்தில்தான் சுகிர்தாவுக்கு நல்ல காலம் பிறந்தது. மருத்துவமனை வளாகத்திலேயே போன வருஷம் கட்டி முடித்த இரண்டு மாடிக் கட்டடம் பூட்டிக் கிடந்தது. எந்தப் பிரிவுக்கு எந்த இடம் என்று முடிவாகாததால் அதைத் திறக்கவில்லை. இப்போது இயன்முறை சிகிச்சைக்கு அங்கே தாராளமான இடம் ஒதுக்க வேண்டும் என்று மேலே இருந்து உத்தரவு வந்தது. ஒதுக்குவதற்காக 'சிகிச்சை இடத் திட்டமிடல் குழு' என்று ஒரு குழுவும் அமைந்தது.

குழுவில் மூன்று பேர். தலைவர், தலைமை மருத்துவர் தணிகைவேல். ஒரு காலத்தில் கண் பார்த்தவர், இப்போது கோப்பு பார்க்கிறார். அடுத்தவர் காஞ்சிபுரத்திலிருந்து ஜீப்பில் வரும் பொறியாளர் ஸ்ரீகாந்த். மூன்றாவது அலுவலகக் கண்காணிப்பாளர் சாரதா. சுகிர்தா உறுப்பினர் இல்லை. இடம் யாருக்கோ அவரே குழுவில் இருந்தால் நடுநிலை கெட்டுவிடும் என்று விதியில் இருந்ததாம். ஆனால் கூப்பிட்டால் வர வேண்டும்.

கூப்பிட்டார்கள். தேவை என்ன என்று எழுதித் தரச் சொன்னார்கள். சுகிர்தா ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போனாள். தரைத்தளம் வேண்டும். முப்பது அடி நேராக நடக்க இடம் வேண்டும். சக்கர நாற்காலி நுழையும் கதவு, பெண்களுக்கு ஒரு திரை, கழிப்பறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. தணிகைவேல் அதைப் பொறுமையாகப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"சிஸ்டர், தேவை வேற, இடம் வேற. நீங்க தேவையைச் சொல்லுங்க, இடத்தை நாங்க சொல்றோம். ரெண்டையும் நீங்களே சொல்லிட்டா கமிட்டி எதுக்கு? நாளைக்கு யாராவது கேட்டா நாங்க என்ன பதில் சொல்றது?"

சுகிர்தா சிஸ்டர் இல்லை. ஒன்பது வருஷத்தில் அதைத் திருத்தும் ஆசை அவளுக்குப் போய்விட்டிருந்தது.

சாரதா ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். அதில் 'ஒரே நேரத்தில் அமர்ந்திருப்போர் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம் இருந்தது. என்னிடம் வருகிறவர்கள் உட்காருவதற்கு வரவில்லை, நடப்பதற்கு வருகிறார்கள் என்றாள் சுகிர்தா. சாரதா படிவத்தின் இரண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

"நடக்கறவங்களுக்குக் கட்டம் இல்லையேம்மா. எல்லாரும் உக்காந்திருக்காங்கன்னு போட்டுடுங்க. பின்னாடி பாத்துக்கலாம்."

அப்படியே போட்டாள். ஆறு பேர் உட்கார்ந்திருப்பதாகக் கணக்கிட்டு, ஆளுக்கு இத்தனை அடி என்று பெருக்கி, அவள் இப்போது இருக்கும் அறையைவிடச் சிறிய ஓர் அறை போதும் என்று விடை வந்தது. விடை தப்பாக இருக்குமோ என்று தணிகைவேலுக்கே சந்தேகம் வந்தது. நேரில் அளந்து பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள்.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை குழு அறைக்கு வந்தது. சுகிர்தாவும் நாலு நோயாளிகளும் உள்ளே இருந்ததால் குழுவால் நுழைய முடியவில்லை. ஸ்ரீகாந்த் அளவு நாடாவின் ஒரு முனையை ஜன்னல் வழியாக நீட்டிப் பார்த்தார். கடைசியில் நோயாளிகளை வெளியே மரத்தடியில் உட்காரச் சொன்னார்கள். மெத்தைக் கட்டிலை எடுத்தார்கள், கம்பிகளை எடுத்தார்கள். ஒன்பது வருஷமாக அசையாத உடைந்த கட்டில்கள்கூட அன்றைக்கு வெளியே வந்தன. காலியான அறையின் நடுவில் ஸ்ரீகாந்த் நின்று கையை விரித்துப் பார்த்தார். எதிலும் இடிக்கவில்லை.

கூட்டக் குறிப்பில் இப்படி எழுதப்பட்டது: 'தற்போதைய இடம், நோயாளிகள் இல்லாத நேரத்தில், போதுமானதாக உள்ளது.'

போதுமான இடம் ஒன்று வளாகத்திலேயே இருப்பது தெரிந்தபின் அதைச் சும்மா விட முடியுமா? குழுவின் வரைபடங்களை விரித்து வைக்க ஓர் அறை தேவைப்பட்டது. அடுத்த வாரமே அந்த அறை குழுவுக்குப் போனது. சுகிர்தாவைத் தற்காலிகமாக எக்ஸ்ரே அறைக்கு முன்னால் இருந்த நடையில் இருந்துகொள்ளச் சொன்னார்கள்.

அவள் முணுமுணுத்துக்கொண்டேதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். ஆனால் அந்த நடை அறுபத்திரண்டு அடி நீளம். ஒரு பக்கம் முழுக்கச் சுவரில் கைப்பிடி. தரை வழுக்காது. எல்லப்பனை முனையில் நிறுத்தி, முழங்காலுக்குப் பின்னால் கை கொடுத்து, நடங்கண்ணா என்றாள். நாலு எட்டு வைத்து, வழக்கம்போல் திரும்பப் பார்த்தார். திரும்ப வேண்டாம், போங்க என்றாள். அவர் நம்பாதவர்போல முன்னால் பார்த்தார். பிறகு போனார். இருபத்தேழு எட்டு. அந்த முனையில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தார். வாய் இன்னும் ஒரு பக்கம் கோணிக்கொண்டுதான் இருந்தது. அம்முலு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆறு வாரம் அது நடந்தது. அந்த ஆறு வாரத்தில் எல்லப்பனின் குதிகால் தரையில் பட ஆரம்பித்தது. இடுப்பைத் தூக்கிப் போட்டுக் காலை வீசுவது குறைந்தது. இடுப்பு எலும்பு முறிந்து வந்த ஓர் அம்மாள் கைத்தடியை மறந்துவிட்டு வீட்டுக்குப் போய், மறுநாள் வந்து வாங்கிக்கொண்டு போனார். சுகிர்தா காலையில் சீக்கிரமே வேலைக்கு வர ஆரம்பித்தாள். இது எப்போதோ நின்றுபோன பழக்கம்.

ஆவணி முடியும்போது குழு அந்த வழியாகப் போக நேர்ந்தது. அங்கே சிகிச்சை நடந்துகொண்டிருந்ததை முதன்முதலாகப் பார்த்தார்கள். ஸ்ரீகாந்த் வரைபடத்தை எடுத்துப் பார்த்து, இது தீ விபத்து நடந்தால் வெளியேறும் வழி, சிகிச்சைக்கான இடம் அல்ல என்றார். சுகிர்தா தணிகைவேலிடம் எல்லப்பனை நடத்திக் காட்டினாள். தணிகைவேல் கடைசிவரை பார்த்தார். நல்ல மனிதர்தான், கை தட்டக்கூடச் செய்தார்.

"ரொம்ப சந்தோஷம். ஆனா பாருங்க சிஸ்டர், பேஷன்ட் எங்க வேணும்னாலும் குணமாகிட முடியாது. அதுக்குன்னு ஒதுக்கின இடத்துல குணமாகணும். இவர் இங்க நடந்துட்டாருன்னு ரெக்கார்ட் ஆச்சுன்னா, இவ்ளோ நாள் ஏன் அங்க வெச்சிருந்தீங்கன்னு ஆடிட்ல கேப்பான். அங்க நடக்கலன்னா யாரும் எதுவும் கேக்கப்போறதில்ல."

மறுநாள் நடையின் இரண்டு முனையிலும் சங்கிலி கட்டப்பட்டது.

சுகிர்தா அலைந்தாள். பழைய அறையைக் கேட்டாள். வரைபடம் இருக்கிறது என்றார்கள். பூட்டிக் கிடக்கும் புதுக் கட்டடத்தைத் திறந்து ஒரு மூலையாவது கொடுங்கள் என்று சாரதாவிடம் போய் நின்றாள். திட்டம் ஒப்புதல் ஆகாமல் சாவி தர முடியாது என்று சாரதா சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். எப்போது ஒப்புதல் ஆகும் என்று கேட்டதற்கு, திட்டம் சரியா என்று சோதித்துப் பார்த்தால் ஆகிவிடும் என்றார்.

சோதித்துப் பார்க்க ஸ்ரீகாந்துக்கு ஒரு யோசனை இருந்தது. அவர் ஒரு பயிற்சிக்குப் போய் வந்திருந்தார். கட்டடம் கட்டுவதற்கு முன்னால் அதன் முழு அளவையும் தரையில் கோடு போட்டு, உள்ளே ஆட்களை நடமாடவிட்டுப் பார்ப்பார்களாம். கட்டடம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டதே என்று சுகிர்தா கேட்டாள். அதனால்தான் இன்னும் கவனமாகச் சோதிக்க வேண்டும் என்றார்.

புரட்டாசி முதல் வாரம், பூட்டிய கட்டடத்துக்கு எதிரே இருந்த மண் தரையில், கபடி ஆட்டத்துக்குப் போடுவதுபோலச் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டார்கள். இது வடக்குச் சுவர், இது கிழக்குச் சுவர், இது கதவு, இது திரை. உள்ளே இரும்புக் கம்பிகளையும் கட்டிலையும் கொண்டுவந்து வைத்தார்கள். கூரைக்குக் கோடு போட முடியாததால் வெயில் நேராக அடித்தது. பத்து நாளைக்குச் சிகிச்சை அங்கேதான், எல்லோரும் கதவு வழியாகத்தான் வரவேண்டும் என்று உத்தரவு. ஸ்ரீகாந்த் குடை பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து கவனித்தார்.

முதல் நாள் எல்லப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. பஸ் நிறுத்தத்திலிருந்து நேராக வந்தவர் வடக்குச் சுவர் வழியாக உள்ளே நுழைந்துவிட்டார். ஸ்ரீகாந்த் எழுந்து வந்து, பெரியவரே அது செவுரு என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். எல்லப்பன் தரையைப் பார்த்தார். பிறகு சுகிர்தாவைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். அவர் வந்த வழியே போய், கோட்டைச் சுற்றி, இருபது எட்டு கூடுதலாக நடந்து, கதவு என்று எழுதியிருந்த இடத்தில் நின்றார்.

"தொறந்து கீதா சார்?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அந்த இடத்தில் என்ன முறை என்று அவருக்குத் தெரியவில்லை.

மண் தரை மேடும் பள்ளமும். எக்ஸ்ரே நடையில் சரியாகியிருந்த கால் இங்கே மறுபடி இழுபட ஆரம்பித்தது. ஐந்தாவது நாள் நடந்துகொண்டிருந்தவர் வலது கால் தடுக்கி, சரிந்து, கிழக்குச் சுவரில் நாலடி நீளத்துக்குக் காலால் தேய்த்துவிட்டார். சுகிர்தா பாய்ந்து தாங்கிக்கொண்டதால் கீழே விழவில்லை. ஸ்ரீகாந்தும் ஓடிவந்தார், சுவர் எந்த அளவுக்கு அழிந்திருக்கிறது என்று நாடாவால் அளந்தார்.

இரண்டு நாள் கழித்து சுகிர்தாவுக்கு ஒரு மெமோ வந்தது. அவளுடைய கட்டுப்பாட்டில் இருந்த நோயாளி ஒருவர் உத்தேசக் கட்டடத்தின் கிழக்குச் சுவருக்குச் சேதம் விளைவித்தது குறித்து ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். அவள் விளக்கம் எழுதினாள். 'சுவர் அந்த இடத்தில் இல்லாததால் நோயாளி அதன்மேல் சாய முடியவில்லை.' சாரதா அதை வாங்கிப் படித்துவிட்டு, இப்படி எழுதினால் வாதாடுவதுபோல இருக்கும், வருந்துகிறேன் என்று எழுதிக் கொடுங்கள் என்றார். சுகிர்தாவுக்கு அன்றைக்குத் தலைவலி. வருந்துகிறேன் என்று எழுதிக் கொடுத்தாள்.

அன்று கிளம்பும்போது அம்முலு அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"கோச்சிக்காத டாக்டரம்மா. ரெண்டு பஸ்ஸு மாறி இந்தாள இட்டுக்கினு வந்து வெயில்ல நிக்க வெச்சிட்டுப் போறேன். நானும் கழனி வேலைய வுட்டுட்டு வரேன். வூட்டாண்ட நடந்தாலாச்சும் நெழலு கீது. இனிமே எங்களால ஆவாது."

வாருங்கள் என்று சொல்லத்தான் சுகிர்தாவுக்கு ஆசை. எங்கே வரச் சொல்வது? வீட்டில் செய்யவேண்டிய பயிற்சிகளைத் தாளில் படம் போட்டுக் கொடுத்தாள். இடுப்பைத் தூக்கிப் போடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அம்முலு தாளை மடித்து வைத்துக்கொண்டாள். பார்த்துக்கொள்ள வேண்டியவள் காலை ஏழு மணிக்கே நடவுக்குப் போய்விடுவாள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கோடுகள் ஒரே நாளில் கரைந்தன, அத்தோடு சிகிச்சையும் நின்றது. 'கனமழையால் கட்டடம் முழுவதும் அழிந்தது' என்று குறிப்பில் ஏறியது. மழையைத் தாங்காத வடிவமைப்பு பற்றி இரண்டு கூட்டம் நடந்தது. கார்த்திகை வந்தது, போனது. எல்லப்பன் வரப்பில் நடந்து பார்த்துச் சேற்றில் உட்கார்ந்துவிட்டார் என்றும், கொட்டாய் வேலைக்கு முதலாளி வேறு ஆளை வைத்துவிட்டார் என்றும் பஸ்ஸில் வரும் யாரோ சுகிர்தாவிடம் சொன்னார்கள். அன்றைக்கு அவள் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

தை மாதம் திட்டம் ஒப்புதலானது. தரைத்தளம் முழுவதும் திட்டமிடல் குழுவுக்கு: கூட்ட அறை, வரைபட அறை, ஓய்வறை. இவ்வளவு அனுபவம் சேர்ந்த குழுவைக் கலைப்பது வீண் என்பதால் அது நிரந்தரமாக்கப்பட்டிருந்தது. இயன்முறை சிகிச்சைக்கு முதல் மாடி. அறை உண்மையிலேயே பெரியது. நாற்பது அடி நீளம், நாலு ஜன்னல், வழவழப்பான தரை, பெண்களுக்குத் திரை. ஏறுவதற்கு இருபத்திரண்டு படி. லிப்டுக்கு இடம் விட்டிருந்தார்கள்; லிப்டு அடுத்த கட்டத்தில். படி ஏறுவதும் ஒரு பயிற்சிதானே என்றார் தணிகைவேல்.

திறப்பு விழாவுக்குச் சென்னையிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். அவர் முன்னால் ஒரு நோயாளி நடந்து காட்ட வேண்டும். சொல்லியனுப்பிய நோயாளிகளில் மூன்று பேர் வந்து, படிக்கட்டின் அடியில் நின்று, மேலே பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். நேரம் ஆகிக்கொண்டிருந்ததால் மருத்துவமனை ஜீப் ஓட்டும் வீராசாமியின் காலில் கட்டுப் போட்டு நடக்கவிட்டார்கள். மிக நன்றாக நடந்தார். எத்தனை நாள் சிகிச்சை என்று அதிகாரி கேட்டார். இன்றுதான் ஆரம்பம் என்று வீராசாமி உண்மையைச் சொன்னார். அதிகாரி அசந்துபோய் அதைத் தன் பேச்சில் இரண்டு முறை குறிப்பிட்டார்.

அடுத்த மூன்று வாரம் சுகிர்தா நாலு ஜன்னலையும் காலையில் திறந்து சாயங்காலம் மூடினாள். வருகைப் பதிவேட்டில் ஒருநாள்கூட ஒரு பெயரும் ஏறவில்லை. பிரிவுக்கு ஆள் வராதது குறித்து ஆராயக் குழு கூடியது. அவளைக் கூப்பிட்டுக் காரணம் கேட்டார்கள்.

"அவங்களால படி ஏற முடியாது சார். ஏற முடிஞ்சா எங்கிட்ட ஏன் சார் வரணும்?"

தணிகைவேல் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கு விஷயம் எட்டிவிட்டது என்றுதான் சுகிர்தா நினைத்தாள்.

"கரெக்ட். ஏற முடிஞ்சவங்களுக்கு ட்ரீட்மென்ட் தேவையில்ல. ஏற முடியாதவங்க வரப்போறதில்ல. அப்ப மேல இவ்ளோ இடம் தேவையே இல்ல. இத நீங்க முதல் கூட்டத்துலயே சொல்லியிருந்தா நமக்கு எவ்ளோ டைம் மிச்சம் ஆயிருக்கும், சொல்லுங்க."

சாரதா குறித்துக்கொண்டார். அறையில் பாதியைப் பழைய கோப்புகளுக்கு ஒதுக்கத் தீர்மானம் ஆனது.

அன்று புதன்கிழமை. சுகிர்தா அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள். எல்லப்பனின் ஊரில் ஏரிக்கரைக்குக் கீழே சிமென்டு போட்ட நெற்களம் இருந்தது. ஒரு பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. மறு பாதியில் எல்லப்பன் தடியை ஊன்றிக்கொண்டு தனியாக நடந்துகொண்டிருந்தார். காக்கை விரட்டும் வேலையை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் வேகமாக எதிரே வந்தார். இடுப்பு தூக்கிக்கொண்டது, முழங்கால் கட்டையாக நின்றது, கால் அரைவட்டமாக வீசியது. எதெல்லாம் ஆகக் கூடாது என்று சொல்லியிருந்தாளோ அதெல்லாம் ஆகியிருந்தது. அவர் முகத்தில் மட்டும் அவ்வளவு சந்தோஷம்.

"இப்ப தனியாவே நடக்கிறேன் பாத்தியா டாக்டரம்மா" என்றார். "ஆமாண்ணா" என்றாள்.

புது ரூமைப் பற்றி விசாரித்தார். பெருசா கீதா என்று கேட்டார். பெருசுண்ணா என்றாள். காத்து வருமா என்றார். நாலு ஜன்னல் இருக்குதுண்ணா என்றாள். அவர் தடியில் சாய்ந்து நின்று, தன் வீட்டுக்குக் கூரை மாற்றியதுபோலத் தலையாட்டிக்கொண்டார்.

"நல்லதும்மா. அந்தப் பொட்டி ரூமுல நீ பட்ட பாடு நான் பாத்திருக்கேன். இனிமே வர்றவங்களாச்சும் அங்க நல்லா நடக்கட்டும்."

சுகிர்தா துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு களத்தில் முட்டி போட்டாள். சூடான சிமென்டு. அவருடைய வலது முழங்காலுக்குப் பின்னால் ஒரு கையும் முன்னால் ஒரு கையும் கொடுத்து, பூட்டிக்கொண்ட மூட்டை மெல்ல மடக்கினாள். அது விட்டுக்கொடுக்கவில்லை. இன்னொரு முறை மடக்கினாள். கொஞ்சம் கொடுத்தது.

"குதிகாலை முதல்ல வைங்கண்ணா. அவசரம் இல்ல."

நெல்லின் ஓரம் வரை போய்வர அரைமணி நேரம் ஆயிற்று. அதற்குள் காக்கைகள் இறங்கிவிட்டிருந்தன. இரண்டு பேரும் அவற்றை விரட்டவில்லை.